மூன்று வரை எண்ணத் தெரிந்தவன்

31 மார்ச் 2023, வெள்ளி

மாலை 5.40. சிரித்தவர்கள் நாற்பத்தொரு பேர்.

எண்ணினேன். மேடையில் நான் நின்ற இடத்திலிருந்து எல்லா முகமும் தெரிந்தது. வாயில் டீ இருந்ததால் சிரிக்க முடியாமல் தோளை மட்டும் குலுக்கியவர்கள் இருவர். அவர்களையும் சேர்த்துத்தான் நாற்பத்தொன்று.

சிமெண்ட் ஆலையில் எனக்கு இன்று கடைசி நாள். ஆறு வருடம் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, தீபாவளிக்குப் போனஸ். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதிக் கொடுத்தேன்.

காரணம் ஒலி. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். எனக்குப் பிடித்த வேலை அவ்வளவுதான். மூன்று வருடம் முன்பு ஆலையின் பாதுகாப்பு நாள் விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூடப் புரியாமல் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். மறுவருடம் அந்தப் பந்தலின் ஸ்பீக்கர்களை நானே இடம் மாற்றி வைத்தேன். கடைசி வரிசை கைதட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கியது. அதன்பிறகு கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து சூளையின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தண்டனையாகிவிட்டது.

இதையெல்லாம் பதினைந்து நாள் முன்பு எங்கள் துணைப் பொது மேலாளர், டி.ஜி.எம். சங்கரசுப்புவின் அறையில் கதவைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் சொன்னேன். அம்மாவிடம்கூட அப்படிச் சொன்னதில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார். முடிவில், "சரி, சரி. பாத்துக்கிடலாம்" என்றார். புரிந்துகொண்டார் என்று நம்பினேன்.

இன்று கேண்டீனில் பிரிவுபசாரம். அந்த மைக்கில் என் நன்றியுரை மூன்றாவது வரிசையைத் தாண்டியிருக்காது. சங்கரசுப்பு பேச எழுந்தார். அவருக்கு மைக்கே தேவையில்லை. மனைவியிடம் தண்ணீர் கேட்டாலும் மேடைப் பேச்சு மாதிரிதான் இருக்கும்.

"நம்ம இசக்கிராஜ் எங்க போறான்னு கேட்டியளா? மைக் செட் போடப் போறான்! கல்யாண வீட்டுல நின்னுக்கிட்டு, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ! அதுக்கு எதுக்குடே இன்ஜினியரிங்? மூணு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சா போதும்லா?"

நாற்பத்தொன்று.

நான் சொன்ன அரை மணி நேரத்தில் அவரிடம் மிஞ்சியது இதுதான்.

கம்பெனி பெயர் போட்ட சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மாட்ட மாட்டேன்.

சங்கரசுப்பு சார், நீங்களும் ஒருநாள் மேடையில் நிற்பீர்கள். அன்று மைக் என்னுடையதாக இருக்கும்.

2 ஏப்ரல்

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பேட்டையில் அம்மா வீட்டுக்கு வந்தாயிற்று. கட்டில் வாசலில் நுழையவில்லை. அதன் கால்களைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தேன். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, தம்பி சாமானோட வந்திருக்கு?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "லீவுல வந்திருக்கான்."

கட்டிலோடு லீவுக்கு வந்தவன்.

14 ஏப்ரல்

ஞானதுரை அண்ணாச்சியோடு கூட்டு. பாளையங்கோட்டையில் 'பெத்லகேம் சவுண்ட்ஸ்' அவருடையது. அவரிடம் வேனும் ஸ்பீக்கர்களும் வாடிக்கையாளர்களும் உண்டு. என் பி.எஃப். பணத்தில் டிஜிட்டல் மிக்ஸரும் ஒலியை அளவெடுக்கும் மைக்கும் வரும். கைகுலுக்கிய கையோடு சண்டையும் தொடங்கியது.

"சத்தம் குறைச்சலா இருந்தா தெளிவா இருக்கும் அண்ணாச்சி."

"சத்தம் குறைச்சலா இருந்தா அடுத்த வருசம் வேற ஆள் வருவான்வே."

"கடைசி வரிசையில இருக்கவனுக்குப் பேச்சு புரியணும்."

"கூப்பிடுதவன் மேடையில நிக்கவன். கடைசி வரிசையில இருக்கவன் சாப்பாட்டுக்கு வந்தவன். பந்தி எப்பன்னு அவனுக்குப் புரிஞ்சா போதும்."

நல்ல மனிதர். காது மட்டும் மோசம்.

3 மே

முதல் கல்யாணம். மண்டபம் நீளம், கூரை தகரம், சுவரெல்லாம் கிரானைட். பேச்சைக் கொல்லவென்றே கட்டியது.

மைக் சோதிக்க ஒன் டூ த்ரீ சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வாயில் வேறு எதுவும் வரவில்லை. ஆலையின் பாதுகாப்பு விதிகள்தான் மனப்பாடமாக இருந்தன. அதையே சொன்னேன். "ஓடும் இயந்திரத்தில் கை வைக்காதீர். ஒருமுறை சிக்கினால் மீள முடியாது. தலைக்கவசம் அணிந்து உள்ளே வரவும்."

மண்டபம் முழுக்கத் துல்லியமாகக் கேட்டது. பெண்ணின் அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"தம்பி, முகூர்த்த வீட்டுல என்ன பேச்சுவே பேசுத? மாப்பிள்ளை முழிக்காரு!"

ஞானதுரை அண்ணாச்சி மாலை வரை என்னிடம் பேசவில்லை. வேனில் திரும்பும்போது தானாகச் சிரித்தார். "தலைக்கவசம் அணிந்து உள்ளே வரவும். யப்பா."

27 ஆகஸ்ட், ஞாயிறு

கோயில் கொடை விழாவில் பட்டிமன்றம். பெரிய பொட்டல். முன்னால் ஸ்பீக்கர் வைத்துக் கத்தவிட்டால் முன்னால் இருப்பவன் செவிடாவான், பின்னால் இருப்பவனுக்கு இரைச்சல்தான் போகும். அதனால் பாதி தூரத்தில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை நிறுத்தினேன். சிக்கல் என்னவென்றால், கம்பியில் ஓடுகிற குரல் உடனே போய்விடும், காற்றில் போகிற குரல் மெதுவாகத்தான் போகும். இரண்டும் வேறுவேறு நேரத்தில் காதில் விழுந்தால் கலங்கல். ஆகவே பின் ஸ்பீக்கருக்குப் போகும் குரலை, காற்று அங்கே போய்ச் சேர எடுக்கும் நேரத்துக்குத் தாமதப்படுத்த வேண்டும். நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மதியம் முழுக்க வெயிலில் நடந்தேன். தோல் உரிந்துவிட்டது.

பேச்சு தொடங்கியதும் வழக்கம்போலக் கடைசிக்குப் போனேன். மதில்மேல் பெண்கள் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சாளர் மாமியாரைப் பற்றி ஏதோ சொன்னார்.

முதல் வரிசையும் மதில்மேல் இருந்தவர்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

ஒரே நேரத்தில்! அந்த இடத்தில் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் கட்டியிருந்த ஆட்டின் முதுகைத் தட்டினேன்.

சங்கரசுப்பு இதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு வயிறெரிந்திருக்க வேண்டும்.

9 செப்டம்பர்

லீவு ஆறாவது மாதத்தில் போய்க்கொண்டிருக்கிறது. "இவ்வளவு லீவு குடுக்கானுவளா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாளாம். "பெரிய கம்பெனில்லா" என்றாளாம் அம்மா.

22 அக்டோபர்

பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் சித்தப்பா ஆலையில் ஸ்டோர்ஸ். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, நம்ம ஒன் டூ த்ரீ!"

ஆலை முழுக்க எனக்கு அதுதான் பெயராம். வேலையில் இருந்தபோது பட்டப்பெயரே கிடையாது. போனபிறகு வைத்திருக்கிறார்கள்.

கேசரி நன்றாக இருந்தது. சம்பந்தம் சரிவரவில்லை. அம்மா ஆட்டோவில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எழுதி வைத்துக்கொள்கிறேன்: நாற்பத்தொன்றோடு, இன்று சிரித்தவர்கள் ஏழு பேர்.

10 பிப்ரவரி 2024, சனி

மோசமான தவறு செய்தேன். இதுவரை செய்ததிலேயே அருமையான தவறும் இதுதான்.

பள்ளி ஆண்டு விழா, பெரிய மைதானம். பின் ஸ்பீக்கர் அறுபது மீட்டர் தூரத்தில். தாமதம் 175 மில்லிநொடி. மேடையில் பேசுபவரைப் பார்த்துத் திருப்பி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று உண்டு, பேசுபவர் தன் குரலைத் தானே கேட்பதற்கு. அவசரத்தில் பின் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய கம்பியை அந்த மானிட்டரில் சொருகிவிட்டேன்.

தாளாளர் பேச வந்தார். கணீரென்று பேசுகிற மனிதர். "அன்பார்ந்த" என்று தொடங்கி "பெ-பெற்... பெற்றோ-ஓ-ஓ..." என்று நின்றார். மறுபடி தொடங்கினார். நாக்கு புரளவில்லை. வியர்த்துவிட்டது. கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒலியில் ஒரு குறையும் தெரியவில்லை. அவர்களுக்கு ஒரு ஆள் திக்குவது மட்டும்தான் கேட்டது.

தன் குரலே ஒரு இமைப்பொழுது தாமதமாகத் தன் காதில் விழுந்தால் மனிதனால் பேச முடிவதில்லை. மூளை, நாம் இன்னும் முந்தைய எழுத்தைச் சொல்லி முடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறது.

கம்பியை மாற்றினேன். தாளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு நன்றாகப் பேசினார். யாருக்கும் சந்தேகமில்லை.

யாருக்கும் சந்தேகமில்லை.

12 பிப்ரவரி

கடையில் சோதனை. முதலில் நான். என் முகவரியைச் சொல்ல முடியவில்லை. பிறகு ஞானதுரை அண்ணாச்சியை நிறுத்தி, அவருக்கு நன்றாகத் தெரிந்த எதையாவது சொல்லச் சொன்னேன். சிறுவயதிலிருந்து தினமும் சொல்லும் ஜெபத்தைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் திணறி நின்றார்.

"எலே, கர்த்தர் முன்னாடியே திக்க வச்சிட்டியே! என்ன எழவுவே இது?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒரு அளவு பாத்தேன்."

"யாருக்கு?"

மிக்ஸரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

6 மே

வந்துவிட்டது.

ஆலையின் மனமகிழ் மன்றச் செயலாளர் அண்ணாச்சிக்குப் போன் செய்திருக்கிறார். டி.ஜி.எம். சங்கரசுப்பு முப்பத்து மூன்று வருடச் சேவைக்குப் பிறகு ஓய்வு பெறுகிறார். 31ஆம் தேதி மாலை காலனி மைதானத்தில் விழா. 'பெத்லகேம் சவுண்ட்ஸ்தான் இப்பத் தெளிவா இருக்குன்னு சொல்லுதாங்க' என்றாராம்.

"உம்ம பழைய கம்பெனிதான். சங்கடமா இருந்தா சொல்லும்வே, வேற ஆள வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி.

"நானே பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

"சிரிக்கீரு?"

"சந்தோசம்."

வேலை இதுதான். நிகழ்ச்சி முழுக்க ஒழுங்காகக் கேட்கும். பொது மேலாளர் பேசுவார், யூனியன்காரர் பேசுவார், எல்லாம் தெளிவாக இருக்கும். சங்கரசுப்பு எழுந்ததும் ஒரே ஒரு பொத்தான். முப்பத்து மூன்று வருடம் கத்திய வாய், தன் கடைசி நாளில், தன் ஆட்கள் முன்னால், தன் பெயரைச் சொல்லத் திக்கும். அவர்கள் சிரிப்பார்கள். நான் எண்ணுவேன்.

20 மே

மைதானத்தை அளக்கப் போனேன். வாயிற்காவலர் புதியவர், என்னைத் தெரியவில்லை. சிமெண்ட் தூசி மூக்கில் ஏறியதும் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. தூரத்தில் அரவை ஆலை அதே இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. வேலையில் இருக்கும்போது அதன் பக்கத்தில் போனால் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துத்தான் பேசுவோம். சங்கரசுப்பு உதவிப் பொறியாளராக வளர்ந்தது அங்கேதான். காது அடைப்பான் போட்ட புதுப் பையன்களைப் பார்த்து, "என்னடே, பாட்டு கேக்கியா?" என்பார்.

மேடையிலிருந்து பின் ஸ்பீக்கர் வைக்கும் இடம் சரியாக அறுபது மீட்டர். அதற்கு வேண்டிய தாமதம் 175. தேவைக்கும் ஆசைக்கும் ஒரே எண். இதைவிடச் சகுனம் வேண்டுமா?

அளந்துகொண்டிருக்கையில் ஒரு அம்மா பால் தூக்குவாளியோடு வந்து நின்றார். சங்கரசுப்புவின் மனைவி, ஆவுடையம்மாள். ஆயுதபூஜையில் பார்த்திருக்கிறேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"தம்பிதான் மைக் செட்டா?"

"ஒலி அமைப்பு."

"அதாம். கேக்குமா?"

"கடைசி ஆள் வரைக்கும் கேக்கும்மா."

"கடைசி ஆளு கெடக்கட்டும். மேடையில நாற்காலி போட்டு உக்கார வப்பாங்கள்லா, அவியளுக்குக் கேக்குமா?"

வினோதமான கேள்வி. மேடையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"மேடையப் பாத்து ஒரு ஸ்பீக்கர் வைப்பேன். நல்லாக் கேக்கும்."

"நேரா மூஞ்சியப் பாத்து வைங்க. சத்தமா. ஏமாத்திப்புடாதீங்க."

"ஏமாத்த மாட்டேன்மா."

ஏன் என்று கேட்டிருக்கலாம். எனக்கு அறுபது மீட்டர்தான் மனதில் இருந்தது.

30 மே

175. சேமித்தாயிற்று. ஆறாம் பொத்தானை அழுத்தினால் மேடை மானிட்டர் தாமதமாகும்.

31 மே, வெள்ளி

ஒழுங்காக எழுத வேண்டும். அவசரப்படக் கூடாது.

ஐந்து மணிக்குத் தொடங்கியது. முந்நூறு பேருக்கு மேல். மேடையில் சிவப்பு மெத்தை போட்ட சிம்மாசன நாற்காலி, அதில் மாலையோடு சங்கரசுப்பு. அவர் முகத்துக்கு நேராக என் மானிட்டர். நான் மைதானத்தின் நடுவில் மிக்ஸரோடு. பழைய ஆட்கள் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் "ஒன் டூ த்ரீ" என்றார்கள். நானும் சிரித்தேன். இன்னும் ஒரு மணி நேரம்தானே.

பொது மேலாளர் பேசினார். யூனியன் தலைவர் பேசினார். எல்லோரும் சங்கரசுப்புவைப் புகழ்ந்தார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கூட்டம் சிரித்தபோது சிரித்தார். எப்போதும் ஒரு கணம் கழித்து. அதை அப்போது கவனித்தேனா, இப்போது நினைத்துக்கொள்கிறேனா, தெரியவில்லை.

6.10. சங்கரசுப்பு மைக்கைப் பிடித்தார். ஆறாம் பொத்தானை அழுத்தினேன்.

"எல்லாருக்கும் வணக்கம்!"

கணீரென்று வந்தது.

மானிட்டரின் சத்தத்தைக் கூட்டினேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். சேர்ந்த கதை, சூளை வெடித்த கதை, சாம்பாரில் பல்லி கிடந்த கதை. ஒரு எழுத்துக்கூடத் தடுக்கவில்லை. கம்பியைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. காதில் ஹெட்போனை வைத்துக் கேட்டேன், தாமதம் போய்க்கொண்டுதான் இருந்தது. இன்னும் கூட்டினேன். ஞானதுரை அண்ணாச்சி என் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் சங்கரசுப்பு மேடையிலிருந்து என்னைக் கண்டுபிடித்தார்.

"அந்தா நிக்கான் பாருங்க! நம்ம ஒன் டூ த்ரீ! நான் அன்னைக்கே சொன்னேம்லா, மைக் செட் போடப் போறான்னு!"

முதல் வரிசையும் கடைசி வரிசையும் ஒரே நேரத்தில் சிரித்தன. எவ்வளவு துல்லியம்! என் ஸ்பீக்கர், என் அளவு, என் அறுபது மீட்டர். எண்ண முடியவில்லை.

மானிட்டரை உச்சத்துக்குத் தள்ளினேன். அவர் அதற்குள் "நன்றி" சொல்லிக் கும்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கம்பியை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் தொகுப்பாளர், "அம்மாவும் ரெண்டு வார்த்தை" என்றார். இது சும்மா ஒரு வழக்கம். எந்த விழாவிலும் கேட்பார்கள். எந்த அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாட்டேன் என்பார். ஆவுடையம்மாள் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எல்-எல்லா... எல்லாரு-ரு... வண... வண-ண..."

ஆறாம் பொத்தான் எரிந்துகொண்டிருந்தது.

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "அம்மாவுக்கு மைக் பயம்!" என்றான். இன்னும் சிரித்தார்கள். அவர் நிறுத்திவிட்டு மானிட்டரைப் பார்த்தார். பிறகு மைதானத்தின் நடுவில் என்னைப் பார்த்தார். கோபமில்லை. பால் தூக்குவாளியோடு நின்று கேட்ட அதே பார்வை.

அணைத்தேன்.

மிக்ஸரில் பார்த்தேன். எட்டு நொடி.

தாமதத்தைத்தான் அணைத்தேன். சத்தம் உச்சத்திலேயே இருந்தது. மைக் ஊளையிடும் எல்லைக்கு ஒரு மயிரிழை இந்தப்பக்கம். விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டேன்.

"கேக்குதா?" என்றார். கூட்டத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. கணவர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

சங்கரசுப்பு நிமிர்ந்தார்.

"பத்து வருசமா நான் பேசுறது இவியளுக்குக் கேக்கல. மில்லு எரைச்சல்ல நின்னு நின்னு காது போயிட்டு. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்ட்ட சத்தியம் வாங்கினாவ. தெரிஞ்சா பிளான்ட்டுல இருந்து எடுத்துட்டு, ஒரு மூலையில நாற்காலி போட்டு உக்கார வச்சிருவாங்களாம். அதனால யார் பேசினாலும் தலைய ஆட்டுதது. சரி, பாத்துக்கிடலாம்னு சொல்லுதது. இன்னையோட அந்தப் பயம் முடிஞ்சுட்டு. சத்தியமும் முடிஞ்சுட்டு."

மைதானத்தில் ஒரு நாற்காலி நகரவில்லை. அரவை ஆலை ஓடுவதுதான் கேட்டது.

"மக மசக்கையா இருக்கான்னு சொன்னேன். 'சரி, பாத்துக்கிடலாம்'னாவ. எனக்குத் தலை சுத்துது, ஆஸ்பத்திரிக்குப் போணும்னு சொன்னேன். 'சரி, சரி'ன்னுட்டு டியூட்டிக்குப் போயிட்டாவ. பருப்புக் கொழம்பா, புளிக் கொழம்பான்னு கேட்டா, 'ஆமா'ங்காவ!"

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு காலனிப் பெண்கள் எல்லோரும். பிறகு மொத்த மைதானமும். அந்த எட்டு நொடியில் சிரித்த சிரிப்பு இல்லை இது. சங்கரசுப்பு மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் காது வரை சிவந்திருந்தது.

"நாளைக்குக் காலையில காது டாக்டர். எந்திரிச்சு வரணும். தலைய ஆட்டக் கூடாது, வாயத் தொறந்து பதில் சொல்லணும். இந்தத் தம்பி ஸ்பீக்கர நேரா வச்சிருக்கு. இப்பக் கேக்குதா இல்லையா?"

அவரிடம் மைக் இல்லை. ஆனாலும் அந்த அமைதியில் நான் நின்ற இடம் வரை வந்தது.

"கேக்குது."

முதல் முறையாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன்.

பின்னால் போய்ப் பார்க்கவில்லை. கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். இன்று செய்ததுதான் என் வேலையிலேயே சிறந்தது. அதை எட்டு நொடி தாமதமாகத் தொடங்கினேன்.

பந்தி நடக்கும்போது கம்பி சுருட்டிக்கொண்டிருந்தேன். சங்கரசுப்பு நேராக என்னிடம் வந்தார். பின்னால் ஆவுடையம்மாள், கையில் தாம்பூலப் பை.

"ஏ இசக்கி!" பழைய கத்தல். "அவ ஏண்டே மொதல்ல திக்குனா? அவ அப்படிப் பேசுத ஆளு இல்லையே?"

அண்ணாச்சி சட்டென்று, "சின்ன ரிப்பேர் சார்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான்.

"ரிப்பேர் இல்ல சார். நான்தான் செஞ்சேன். உங்களுக்கு வச்சது, அம்மா மேல விழுந்துட்டு" என்றேன்.

சங்கரசுப்பு என் முகத்தையே பார்த்தார். தலையாட்டினார்.

"சரி, சரி. பாத்துக்கிடலாம்."

தோளில் தட்டிவிட்டுப் பந்திக்குப் போனார். போன வருடம் அவர் அறையில் என் முதுகுக்குப் பின்னால் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஏ.சி. நல்ல இரைச்சல். அதில் 'மைக்' என்ற ஒரு சொல்தான் அவர் காதில் விழுந்திருக்கும்.

ஆவுடையம்மாள் போகவில்லை. தாம்பூலப் பையை என் மிக்ஸர்மேல் வைத்தார்.

"எனக்குக் கேட்டுது தம்பி" என்றார்.

1 ஜூன்

இன்று காலை கடையைத் திறந்ததும் அண்ணாச்சி, "இன்னொரு தடவ என் ஸ்பீக்கர்ல அந்தச் சோலி பாத்தீரு, கூட்டு முறிஞ்சுது" என்றார். சரி என்றேன். "தலைய ஆட்டாதயும். வாயத் தொறந்து சொல்லும்." சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா எதிர்வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஆலையில் நடந்தது பேட்டை வரை வந்துவிட்டது. "அவன் வேலைய விட்டு வருசம் ஒண்ணாச்சு. மைக் செட் வச்சிருக்கான். நேத்து விழாவுக்கு இவன் மைக்குதான்" என்றாள்.

"ஒலி அமைப்பும்மா."

"ரெண்டும் ஒண்ணுதாம்ல. போ."

ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். சங்கரசுப்புவை நான் மன்னிக்கவில்லை. அவருக்குக் காது இல்லை. வாய் இருந்தது. கேட்காத ஒன்றைக் கேட்டதுபோலத் தலையாட்டிவிட்டு, மேடையேறி அதற்குப் பதிலும் சொன்னார். ஒரு வருடம் என் பெயர் ஒன் டூ த்ரீ. அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. இப்போது அதன்கீழ் எட்டு நொடி என் பெயரிலும் ஏறியிருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியவை:

1. ஆறாம் பொத்தானை அழிப்பது. இந்த வரியை எழுதும் முன்பே அழித்தாயிற்று.

2. நாளை ஞாயிறு காலை சங்கரசுப்பு வீட்டுக்குப் போவது. முதலில் ஆவுடையம்மாளிடம், அந்த எட்டு நொடி என்ன என்று, வாசலிலேயே, மைக் இல்லாமல், சத்தமாகச் சொல்வது.

3. ஒரு மைக், ஒரு ஹெட்போன் கொண்டுபோவது. ஹெட்போனைச் சங்கரசுப்புவின் தலையில் மாட்டி, ஒன் டூ த்ரீ சொல்லிச் சோதித்துவிட்டு, போன வருடம் அவர் அறையில் பேசிய அரை மணி நேரத்தை முதல் வார்த்தையிலிருந்து பேசுவது. அவர் தலையாட்டினால், நிறுத்திவிட்டு, சத்தத்தைக் கூட்டி, மறுபடி முதலிலிருந்து.